கைப்பேசிக் காலத்தில் சிற்றூர் நூலகங்கள் குறைந்த பணத்தில் எப்படித் தாக்குப்பிடிக்கும்?

காரைக்குடிப் பக்கம் ஒரு கிளை நூலகத்தில், வாசகர் வட்டக் கூட்டத்துக்கு நாற்காலி எடுத்துப் போடுகிறவன் என்ற தகுதியில் சொல்கிறேன்.

முதலில் பணம். 1948-ல் வந்த பொது நூலகச் சட்டப்படி, நாம் கட்டும் வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. ரூபாய்க்கு 10 காசு. நூலகத்துக்குள் கால் வைக்காதவர் காசும் அதில் இருக்கிறது. ஆனால் சம்பளம், கட்டடம் போக ஒரு கிளைக்குப் பெரிதாக எதுவும் மிஞ்சுவதாகத் தெரியவில்லை.

எங்கள் நூலகத்தில் மாற்றம் ஒரு 40 பக்க நோட்டில்தான் தொடங்கியது. 'கேட்டு இல்லாதவை' என்று எழுதி, நூலகர் அதை மேசைக் காலில் கட்டித் தொங்கவிட்டார். இரண்டே மாதத்தில் நிறைந்துவிட்டது. பாதிக்கு மேல் குரூப் 4 தேர்வுப் புத்தகங்கள். நாவல் கேட்டவர்கள் குறைவு என்பதில் எனக்கு வருத்தம்தான், சரி, அதை விடுங்கள். பொதுவாக நன்கொடை கேட்டால் நழுவுகிற புரவலர்கள், நோட்டைக் காட்டியதும் ஆளுக்கு நாலு புத்தகம் வாங்கித் தந்தார்கள். செய்தித்தாள் மேசையை மதியத்துக்கு மேல் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கே ஒதுக்கினார் நூலகர். பெரியவர்கள் முணுமுணுத்தார்கள்.

அப்புறம், கைப்பேசியில் கிடைக்காத பழைய நூலும் தாளும் ஊருக்குள் இருக்கும். எங்கள் பக்கத்துக் கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் தனி ஆளாகச் சுமார் 1 லட்சம் நூல்களும் இதழ்களும் சேர்த்தவர். 1992-ல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது. இன்று சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நன்றாகவே நடக்கிறது. இருந்தாலும் அது எங்கள் பக்கம் தங்காமல் போனது எங்களுக்குக் கொஞ்சம் உறுத்தும்.

போன வருடம் முன்னோருக்குப் படைக்கும் 'படைப்பு' சடங்குக்கு வந்த ஆச்சி ஒருவர், வீட்டைத் திறந்தபோது கிடைத்த டிரங்குப் பெட்டியைக் கொண்டுவந்து இறக்கினார். பர்மாக் கடைக் கணக்கு, கல்யாண வாழ்த்து மடல்கள், ஓரம் செல்லரித்த இதழ்கள். பழைய பேப்பர்காரருக்குப் போக இருந்தது. எங்களிடம் ஸ்கேனர் கிடையாது. கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேர் ஜன்னல் வெளிச்சத்தில் பக்கம் பக்கமாகக் கைப்பேசியில் படம் எடுக்கிறார்கள். கணக்கில் இருக்கிற தமிழ் எண்கள்தான் அவர்களுக்குப் புரியவில்லை. மேசைக்காக முணுமுணுத்த பெரியவர் ஒருவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "இது முக்கால், இது மாகாணி, எழுதிக்கோ" என்று பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துச் சொல்கிறார்.