உதவித்தொகை கிடைக்காத குடும்பம் அமெரிக்கக் கல்லூரியை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறோம். கணவர், நான் இருவருக்கும் ஐடி வேலை. மகள் பதினொன்றாம் வகுப்பு. கம்ப்யூட்டர் சயின்ஸ் என்கிறாள், சில நாள் டாக்டர் என்கிறாள். சில கல்லூரிகளின் நெட் பிரைஸ் கால்குலேட்டரில் (உதவி போக நாம் கட்ட வேண்டியதைக் கணிக்கும் இணையக் கருவி) எங்கள் வருமானத்தைப் போட்டுப் பார்த்தோம். எல்லாவற்றிலும் உதவி பூஜ்ஜியம். 529 கணக்கில் (கல்லூரிச் செலவுக்கான வரிச்சலுகைச் சேமிப்பு) அவள் பேரில் சுமார் 1.5 லட்சம் டாலர் இருக்கிறது. அவளுக்கு அடுத்து ஒரு மகனும் இருக்கிறான். "பேர் பெற்ற காலேஜா பாருங்க, கடன் வாங்கிக்கலாம்" என்கிறார்கள் உறவினர்கள். முழுக்கக் கைக்காசு என்றால், கொடுக்கிற பணத்துக்கு ஏற்ற கல்லூரியை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: கால்குலேட்டர் காட்டிய பூஜ்ஜியம் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். ஆனால் அது பாதிக் கதை. குடும்பத்தின் தேவையைப் பார்த்துக் கொடுக்கும் உதவி ஒன்று, மாணவரின் மதிப்பெண்ணைப் பார்த்துக் கொடுக்கும் மெரிட் தொகை இன்னொன்று. உங்களுக்கு இல்லை என்றானது முதலாவது மட்டுமே. ஒவ்வொரு கல்லூரியும் தன் தளத்தில் இந்தக் கால்குலேட்டரை வைத்தாக வேண்டும் என்பது 2011 முதல் கூட்டாட்சிச் சட்டம். ஆனால் எல்லாம் ஒரே தரம் அல்ல. மகளின் ஜிபிஏ (பள்ளி மதிப்பெண் சராசரி), எஸ்ஏடி (கல்லூரி நுழைவுத் தேர்வு) மதிப்பெண்ணைக் கேட்காத கால்குலேட்டருக்கு மெரிட் பற்றி ஒன்றும் தெரியாது. கேட்கிறவற்றில் மட்டும் மறுபடி போட்டுப் பாருங்கள்.

இன்னொரு சிறு சரிபார்ப்பு. ஹார்வர்டும் எம்ஐடியும் 2025 இலையுதிர் பருவத்திலிருந்து 2 லட்சம் டாலர் வரை வருமானம் உள்ள குடும்பங்களுக்கு ட்யூஷன் (படிப்புக் கட்டணம்) இல்லை என்று அறிவித்திருக்கின்றன. இரண்டு ஐடி சம்பளம் அதைத் தாண்டியிருக்கும் என்றே நினைக்கிறேன். ஆனால் இருவரில் ஒருவர் வேலையை விட்டால், கணக்கை முதலிலிருந்து போட வேண்டும்.

சரி, விலைக்கு வருவோம். காலேஜ் போர்டு கணக்குப்படி 2024-25ல் அரசுப் பல்கலைக்கழகங்களில் உள்மாநில மாணவருக்கான சராசரி ட்யூஷனும் கட்டணமும் 11,610 டாலர், வெளிமாநிலத்தவருக்கு 30,780, தனியார் கல்லூரிகளில் 43,350. இவை விடுதி, சாப்பாடு சேர்க்காத தொகை. உயர்தரத் தனியார் கல்லூரிகளில் எல்லாம் சேர்த்தால் ஆண்டுக்கு 90,000 டாலரை ஒட்டியோ தாண்டியோ போகிறது. அச்சடித்த இந்த விலையை எல்லோரும் கொடுப்பதில்லை. பெரும்பாலான தனியார் கல்லூரிகளில் ஆடித் தள்ளுபடி வருஷம் முழுக்க ஓடுகிறது. அந்தத் தள்ளுபடி யாருக்கு என்பதைக் கல்லூரியே முடிவு செய்கிறது, அவ்வளவுதான். முழுப் பணம் கட்டும் குடும்பம் செய்ய வேண்டிய வேலையும் இதுதான்: உங்கள் மகள் எங்கே தேவைப்படுகிறாளோ, அந்த இடத்தைத் தேடிப் பிடிப்பது. தரவரிசையின் முதல் பெயரிலிருந்து கீழே இறங்கி வந்தால் அந்த இடம் கண்ணில் படாது.

தேடலுக்கு ஒரு அளவுகோல் வேண்டும். உங்களுக்கு அது உங்கள் மாநில அரசுப் பல்கலைக்கழகமான ரட்கர்ஸ். நியூ ஜெர்சி மாணவருக்கு விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு ஏறத்தாழ 35,000 முதல் 40,000 டாலர் ஆகும். நான்கு வருஷத்துக்கு 1.5 லட்சம் என்று வைத்துக்கொண்டால், அந்தப் பணம் 529ல் ஏற்கெனவே இருக்கிறது. கட்டணம் ஏறுவதால் கொஞ்சம் கூடும். அது சம்பளத்திலிருந்து சமாளிக்கிற தொகை. வேறெந்தக் கல்லூரி பட்டியலில் வந்தாலும் அதன் மொத்த விலையைப் பார்க்காதீர்கள், ரட்கர்ஸை விட எவ்வளவு கூடுதல் என்று பாருங்கள். 3.6 லட்சம் கேட்கும் கல்லூரி என்றால், கேள்வி "அந்தக் கல்லூரி நல்லதா" என்பதல்ல, "கூடுதலான 2 லட்சம் டாலருக்கு அது எதைத் தருகிறது" என்பது. இப்படிக் கேட்டாலே பாதிப் பட்டியல் கரைந்துவிடும்.

மெரிட் தொகை எங்கே கிடைக்கும், எங்கே கிடைக்காது என்பதைத் தெரிந்துகொள்வது அடுத்த வேலை. ஹார்வர்டு உள்ளிட்ட ஐவி லீகின் 8 கல்லூரிகள், எம்ஐடி, ஸ்டான்ஃபோர்டு ஆகியவை படிப்பில் கெட்டிக்காரர் என்பதற்காக ஒரு டாலர் கூடத் தராது. அங்கே வந்திருப்பவர் எல்லோருமே கெட்டிக்காரர்கள். அதற்கு அடுத்த அடுக்கில் நிலைமை வேறு. இதை ஊகிக்க வேண்டியதில்லை. பெரும்பாலான கல்லூரிகள் ஆண்டுதோறும் 'காமன் டேட்டா செட்' என்ற ஆவணத்தை வெளியிடுகின்றன. கல்லூரிப் பெயரோடு இதைச் சேர்த்துத் தேடினால் கிடைக்கும். அதில் எச் பிரிவுக்குப் போங்கள். எச்-2 அட்டவணையில் முதலாண்டு மாணவர் மொத்தம் எத்தனை, அவர்களில் தேவை உள்ளவர் என்று தீர்மானிக்கப்பட்டவர் எத்தனை என்று இருக்கும். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் உங்களைப் போன்ற குடும்பத்துப் பிள்ளைகளின் எண்ணிக்கை, ஏறத்தாழ. அதற்குக் கீழே எச்-2-ஏ அட்டவணையில், தேவை இல்லாமலேயே கல்லூரியிடம் தொகை பெற்றவர் எத்தனை பேர், சராசரி எவ்வளவு என்று இருக்கும். வகுத்துப் பாருங்கள். நூறில் ஐந்து பேருக்குச் சில ஆயிரம் டாலர் என்றால் நம்பி இறங்க வேண்டாம். நூறில் ஐம்பது பேருக்கு 20,000 என்றால் அங்கே விண்ணப்பம் போடலாம். அதே ஆவணத்தின் சி பிரிவில் சேர்ந்தவர்களின் எஸ்ஏடி வீச்சு இருக்கும். மகளின் மதிப்பெண் மேல் கால்பகுதியில் விழும் கல்லூரிகளில்தான் பொதுவாக மெரிட் தேடி வரும்.

சில அரசுப் பல்கலைக்கழகங்கள் இதை வெளிப்படையாகவே செய்கின்றன. அலபாமா பல்கலைக்கழகத்தில் ஜிபிஏவும் எஸ்ஏடியும் இவ்வளவு இருந்தால் வெளிமாநிலத்தவருக்கு இவ்வளவு என்று அட்டவணையே உண்டு. டெக்சாஸில் ஒரு நல்ல விதி இருக்கிறது: அரசுப் பல்கலைக்கழகம் போட்டி அடிப்படையில் குறைந்தது 1,000 டாலர் ஸ்காலர்ஷிப் கொடுத்தால், வெளிமாநில மாணவருக்கும் உள்மாநிலக் கட்டணம் போடலாம். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டாலஸ் வளாகம் (யுடி டாலஸ்) இதை நன்றாகப் பயன்படுத்துகிறது. மகள் இந்த அக்டோபரில் எழுதும் பிஎஸ்ஏடியில் (எஸ்ஏடிக்கு முன்னோட்டத் தேர்வு) நேஷனல் மெரிட் என்ற தேசிய ஸ்காலர்ஷிப் போட்டியின் இறுதிப் பட்டியலுக்கு வந்தால் இப்படிப்பட்ட இடங்களில் கதவு இன்னும் அகலமாகத் திறக்கும். பதினொன்றாம் வகுப்பில் எழுதுவதுதான் அதற்குக் கணக்கு, எனவே அதைச் சாதாரணப் பயிற்சித் தேர்வாக விட்டுவிடாதீர்கள்.

தள்ளுபடி எதுவும் இல்லாமலேயே விலை நியாயமாக இருக்கும் வெளிமாநில அரசுப் பல்கலைக்கழகங்களும் சில உண்டு. இண்டியானாவின் பர்டூ 2013 முதல் ட்யூஷனை ஏற்றாமல் வைத்திருக்கிறது. வெளிமாநிலத்தவருக்கு ஆண்டுக்கு 29,000 டாலருக்குள், சில படிப்புகளுக்குக் கொஞ்சம் கூடுதல். மறுபக்கம் கலிபோர்னியா பல்கலைக்கழக வளாகங்கள், வெளிமாநிலத்தவரிடம் வழக்கமான ட்யூஷனுக்கு மேல் 30,000 டாலருக்கும் கூடுதலாக வாங்குகின்றன. பெர்க்லியை அந்த மாநிலத்துக் குடும்பம் தேர்ந்தெடுப்பது அருமையான பேரம். நியூ ஜெர்சிக் குடும்பம் அதையே தேர்ந்தெடுத்தால், அரசுப் பல்கலைக்கழகத்துக்குத் தனியார் விலை கொடுக்கிறது. நண்பர்கள் கலிபோர்னியாவின் சான் ஹோசேயிலிருந்து ஆலோசனை சொன்னால் இதை நினைவில் வையுங்கள்.

இனி உறவினர்கள் சொல்லும் 'பேர்'. இதைப் பற்றி நேர்மையான ஆய்வுகள் இருக்கின்றன. ஸ்டேசி டேலும் ஆலன் க்ரூகரும் 2002ல் வெளியிட்ட ஆய்வு, ஒரே மாதிரித் தகுதியோடு ஒரே மாதிரிக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தவர்களை ஒப்பிட்டது. பெரிய பெயர் உள்ள கல்லூரியில் படித்தவருக்கும் வேறிடத்தில் படித்தவருக்கும் பிற்காலச் சம்பளத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு வித்தியாசம் இருந்தது. அது நீங்கள் அல்ல. 2023ல் ராஜ் செட்டி, டேவிட் டெமிங், ஜான் ஃப்ரீட்மன் மூவரும் இன்னும் நுணுக்கமாகப் பார்த்தார்கள். ஐவி போன்ற 12 கல்லூரிகளையும் தரமான மாநிலப் பல்கலைக்கழகங்களையும் ஒப்பிட்டால் சராசரி வருமானத்தில் அதிக மாற்றம் இல்லை. ஆனால் வருமானத்தில் உச்சி ஒரு சதவீதத்துக்குள் போகும் வாய்ப்பு சுமார் 50 சதவீதம் கூடுகிறது, உயர்ந்த நிறுவனங்களில் சேரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. எனவே வால் ஸ்ட்ரீட், பெரிய கன்சல்டிங் நிறுவனம் என்று மகளுக்குத் தெளிவான கனவு இருந்தால், அந்த 12ல் ஒன்றுக்குக் கூடுதல் விலை கொடுப்பதை நான் பைத்தியக்காரத்தனம் என்று சொல்லமாட்டேன். தரவரிசையில் முப்பதாவது, நாற்பதாவது இடத்தில் இருக்கும் தனியார் கல்லூரிக்கு முழு விலை கொடுப்பதுதான் எனக்கு விளங்காத விஷயம். அந்த விலைக்கு அந்தப் பெயரும் கிடையாது.

கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் கல்லூரியின் பெயரை விட ஒரு கேள்வி முக்கியம்: அந்தத் துறையில் நேரடியாக இடம் தருகிறார்களா, அல்லது முதலில் பொதுவாகச் சேர்த்து, பிறகு போட்டி வைத்துத் துறை ஒதுக்குகிறார்களா? இல்லினாய் அர்பானா-ஷாம்பெய்ன் போன்ற இடங்களில் வேறு துறையில் சேர்ந்துவிட்டு உள்ளே மாறுவது மிகக் கடினம். "சேர்ந்துட்டு அப்புறம் மாறிக்கலாம்" என்ற நம்பிக்கையில் வெளிமாநிலக் கட்டணம் கட்டுவதுதான் இந்தத் தேடலிலேயே மிகப் பெரிய சூதாட்டம். அரசின் காலேஜ் ஸ்கோர்கார்டு தளத்தில் துறைவாரியாகப் பட்டதாரிகளின் சம்பளம் கிடைக்கும், ரட்கர்ஸையும் மற்றதையும் அருகருகே வைத்துப் பாருங்கள். அதில் கூட்டாட்சி உதவியோ கடனோ பெற்ற மாணவர்களின் சம்பளம் மட்டும்தான் சேரும். சில ஆயிரம் டாலர் ஏற்றத்தாழ்வை வைத்து முடிவு எடுக்க வேண்டாம்.

எத்தனை வருஷத்தில் முடிப்பாள் என்பதும் விலைதான். கல்லூரிகள் விளம்பரப்படுத்தும் பட்டம் பெறும் விகிதம் வழக்கமாக 6 வருஷக் கணக்கு. 4 வருஷ விகிதத்தைக் கேட்டு வாங்குங்கள். பள்ளியிலேயே எடுக்கும் கல்லூரித் தரத்து ஏபி பாடங்களுக்கு அரசுப் பல்கலைக்கழகங்கள் தாராளமாக கிரெடிட் தருகின்றன, ஒரு செமஸ்டர் மிச்சமாகலாம். பிரவுன் போன்ற சில தனியார் கல்லூரிகளில் அதைப் பட்டத்துக்குக் கணக்கில் எடுப்பதே இல்லை.

டாக்டர் ஆசை நிலைத்தால் விவாதமே தேவையில்லை, மலிவான நல்ல கல்லூரிதான். இளங்கலை முடித்துப் போகும் மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் ஜிபிஏவும் எம்கேட் என்ற நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணும் பேசும். தவிர, 2026 ஜூலை 1க்குப் பின் புதிதாகக் கடன் வாங்கும் மருத்துவ மாணவர்களுக்கு கூட்டாட்சிக் கடன் ஆண்டுக்கு 50,000, மொத்தம் 2 லட்சம் டாலர் என்று வரம்பு வந்துவிட்டது. பல தனியார் மருத்துவக் கல்லூரிகளின் நான்கு வருஷச் செலவு அதற்கு மேல். 529 பணத்தை இளங்கலையில் கரைத்துவிட்டால் மிச்சத்துக்குத் தனியார் கடன்தான்.

"கடன் வாங்கிக்கலாம்" என்பவர்களுக்கும் இதே பதில். மாணவர் பெயரில் கூட்டாட்சிக் கடன் முதல் வருஷம் 5,500, நான்கு வருஷத்துக்கு 27,000 டாலர். வருமானம் எவ்வளவு இருந்தாலும் இது கிடைக்கும், ஆனால் ஃபாஃப்சா என்ற கூட்டாட்சி உதவி விண்ணப்பத்தை நிரப்பியிருக்க வேண்டும். பெற்றோர் வாங்கும் பிளஸ் கடனுக்கும் அதே 2026 ஜூலை முதல் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000, மொத்தம் 65,000 என்று உச்சவரம்பு. 27,000 வரை மகள் பெயரில் இருப்பது தாங்கக்கூடியது. அதற்கு மேல் கடன் தேவைப்படும் கல்லூரி உங்கள் கல்லூரி அல்ல. மகனுடைய முறையும் வரப்போகிறது. ஃபாஃப்சா கணக்கில், ஒரே நேரத்தில் இரண்டு பிள்ளைகள் படிப்பதற்கான சலுகையை 2024-25 முதல் எடுத்துவிட்டார்கள்.

நீங்கள் எழுதவில்லை, ஆனால் நம்மவர்களில் பலர் எச்-1பியில் இருப்பதால் சொல்கிறேன். மகள் எச்-4ல் (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கான விசா) இருந்தால் ஃபாஃப்சாவும் கூட்டாட்சிக் கடனும் கிடையாது. உள்மாநிலக் கட்டணம் உண்டா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். 21 வயதில் எச்-4 முடிந்து எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறினால் அதே கட்டணம் தொடருமா என்று பல்கலைக்கழகத்தின் ரெசிடென்சி அலுவலகத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். இது தெரியாமல் மூன்றாம் வருஷத்தில் கட்டணம் இரட்டிப்பாவது எந்தப் பட்ஜெட்டையும் கவிழ்க்கும்.

விண்ணப்ப உத்தியில் ஒன்று மட்டும். எர்லி டிசிஷன் வேண்டாம். அதில் இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும். மற்ற கல்லூரிகள் என்ன தொகை தந்திருக்கும் என்பது தெரியாமலே போய்விடும். கட்டாயமில்லாத எர்லி ஆக்‌ஷன் நல்லது, மெரிட்டுக்கும் பல இடங்களில் அந்தத் தேதிதான் கெடு. மார்ச் முடிவதற்குள் பதில்கள் கையில் வந்துவிடும், மே 1 வரை அவகாசம் உண்டு. அந்த ஏப்ரலில், அதிகம் கொடுத்த கல்லூரியின் கடிதத்தை இணைத்து, மகள் விரும்பும் தனியார் கல்லூரிக்கு "இந்த வித்தியாசத்தைக் குறைக்க முடியுமா" என்று மரியாதையாக ஒரு மெயில் அனுப்புங்கள். சிலர் சில ஆயிரம் கூட்டித் தருவார்கள். அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் அசையாது. ஒப்புக்கொள்ளும் முன் மெரிட் கடிதத்தின் சின்ன எழுத்தைப் படியுங்கள்: அது நான்கு வருஷத்துக்கா, எந்த ஜிபிஏ குறைந்தால் நிற்கும், துறை மாறினால் என்ன ஆகும் என்று. 3.5 கேட்கிற ஸ்காலர்ஷிப்பை இன்ஜினியரிங் மாணவி இழப்பது சுலபம், 3.0 கேட்டால் பயமில்லை. ஸ்காலர்ஷிப் வந்ததால் 529ல் பணம் மிஞ்சினால் அதைத் தம்பி பேருக்கு மாற்றிவிடலாம், வரியும் அபராதமும் இல்லை.