சப்வூஃபரில் பாட்டு ஓடாதபோதும் ‘ம்ம்ம்’ என்று இரைகிறது, உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?

வேண்டாம். இன்றைக்கு வேண்டாம் என்றாவது வைத்துக்கொள்ளுங்கள். “போர்டு போயிருச்சு” என்று சொன்னவரிடம், இன்புட் கேபிளைக் கழற்றிவிட்டுக் கேட்டுப் பார்த்தாரா என்று மட்டும் விசாரியுங்கள். பெரும்பாலும் பார்த்திருக்க மாட்டார்.

உங்களிடம் இருப்பது ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் பகுதி) உள்ளேயே வைத்த சப்வூஃபர், தூக்கினால் ஒரு பக்கம் கனக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வகை, அதை டிவியிலோ கம்ப்யூட்டரிலோ இணைத்திருக்கிறீர்கள் என்று நானாக முடிவு செய்துகொண்டு எழுதுகிறேன். வேறு வகை என்றாலும் முதல் பாதி பொருந்தும்.

ஸ்க்ரூ டிரைவரை இப்போது எடுக்காதீர்கள். பின்னால் செருகியிருக்கும் எல்லா இன்புட்டையும் பிடுங்கிவிட்டு, பவரை மட்டும் போட்டுக் கேளுங்கள். சத்தம் நின்றுவிட்டால் போர்டின் மேல் பழி இல்லை. ஆர்சிஏ கேபிளின் (பாட்டைக் கொண்டுவரும் ஆடியோ கேபிள்) வெளிப்பின்னல் கம்பி, அதாவது ஷீல்டு, பிளக்குக்குள்ளேயே அறுந்திருக்கலாம். கேபிளைத் தொட்டால், அசைத்தால் சத்தம் கூடிக் குறையும், அதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். இல்லையென்றால் கிரவுண்ட் லூப். டிவிக்கு வரும் கேபிள் ஒயர் ஓரிடத்தில் எர்த் ஆகியிருக்கும், லேப்டாப்பின் மூன்று பின் சார்ஜர் இன்னோரிடத்தில். இரண்டு எர்த்துக்கும் நடுவே இருக்கும் சொற்ப வோல்டேஜ் ஆடியோ கேபிளின் ஷீல்டு வழியாக ஓடும். ஆம்ப் அதையும் பாட்டு என்று நம்பிப் பெருக்கும். சார்ஜரைப் பிடுங்கி லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டினால் போகிறதா, டிவியின் கேபிள் ஒயரைக் கழற்றினால் போகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். எது என்று பிடிபட்டதும் எல்லாவற்றுக்கும் ஒரே பிளக் போர்டில் இருந்து கரண்ட் எடுத்துப் பாருங்கள். அதிலும் போகாவிட்டால் ஆடியோ ஐசொலேட்டர் என்று சின்ன டிரான்ஸ்ஃபார்மர் வைத்த டப்பா கிடைக்கும், நடுவில் போடலாம். மலிவானதில் அடி பேஸ் மெலிந்துவிடும், சப்வூஃபருக்கு அது உறுத்தும், அதனால் நல்லதாகப் பாருங்கள்.

எர்த் பின்னை உடைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள், இங்கேயே கீழே எழுதவும் செய்வார்கள். சத்தம் போகும்தான். உள்ளே ஒரு ஒயர் நழுவி உலோகத் தகட்டில் பட்டால் உயிரும் போகும்.

கேபிளெல்லாம் கழற்றியும் இரைகிறது என்றால் வால்யூமைத் திருகுங்கள். இரைச்சலும் சேர்ந்து ஏறி இறங்கினால் கோளாறு வால்யூமுக்கு முந்திய பகுதியில். வால்யூம் பூஜ்யத்தில் இருந்தும் அதே அளவில் இரைந்தால் பவர் சப்ளை, அல்லது கடைசியில் ஸ்பீக்கரை ஓட்டும் ஐசி (பெருக்கும் சில்லு). காதாலேயே இன்னும் கொஞ்சம் பிரிக்கலாம். ஃபில்டர் கெப்பாசிட்டர் (பவர் சப்ளையில் டிசியைச் சமப்படுத்தும் பாகம்) காய்ந்தால் வரும் சத்தம் மெயின்ஸைப் போல் இரண்டு மடங்கு: 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 100, 60 ஹெர்ட்ஸ் உள்ள நாடுகளில் 120. ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜ் ரெக்டிஃபையர் அலையின் இரண்டு பாதியையும் ஒரே பக்கம் திருப்பிவிடுவதால் இந்த இரட்டிப்பு. கேபிள் வழியாக வருவது பெரும்பாலும் 50, அடிவயிற்றில் இருந்து வருவதுபோல் மொழுக்கென்று இருக்கும். போனில் டோன் ஜெனரேட்டர் ஆப் ஒன்றை வைத்து இரண்டையும் ஹெட்ஃபோனில் கேட்டு ஒப்பிடுங்கள். போன் ஸ்பீக்கரில் 50 ஹெர்ட்ஸ் கேட்கவே கேட்காது, அதில் முயலாதீர்கள்.

இந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்று பட்டதற்குக் காரணம் மாமாவின் சப்வூஃபர். இதே இரைச்சல்தான். கொண்டுபோய்க் கொடுத்த இடத்தில் “ஐசி போயிருச்சு” என்று மாற்றிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்தும் இரைந்தது. திரும்பக் கொண்டுபோனார், இன்னொரு ஐசி போட்டார்கள். இந்த முறை வீட்டில் சுவிட்சைப் போட்டதும் சத்தமே இல்லை, விளக்கும் எரியவில்லை. அடுத்து அவர்கள் சொன்னது போர்டு. அப்போதுதான் மாமா என்னைக் கூப்பிட்டார்.

முதலில் பார்த்தது ஃபியூஸை. கண்ணாடிக் குழாயின் உட்புறம் முழுக்கக் கறுத்து, கண்ணாடி பூசியதுபோல் மினுங்கியது. வயதாகி அறுந்த ஃபியூஸ் அப்படி இருக்காது. கம்பி நடுவில் விட்டுப்போயிருக்கும், குழாய் தெளிவாகவே இருக்கும். கறுத்திருந்தால் எங்கோ நேரடி ஷார்ட், புது ஃபியூஸ் போட்டால் அதுவும் போகும். ஐசியின் சூட்டை இழுக்கும் உலோகத் துண்டான ஹீட் சிங்கைக் கழற்றினேன். டிடிஏ2030 ஐசி, ஐந்து காலுடன் சின்னதாக இருக்குமே, அதுதான். அதன் முதுகில் இருக்கும் உலோகத் தகடு மூன்றாவது காலோடு, அதாவது மைனஸ் சப்ளையோடு, உள்ளேயே இணைந்தது. ஹீட் சிங்கோ பெட்டியின் தகட்டில் முடுக்கி கிரவுண்டில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் மைக்கா தாளும், ஸ்க்ரூவுக்கு ஒரு பிளாஸ்டிக் வாஷரும் கட்டாயம் வேண்டும். இரண்டுமே இல்லை. கசியக் கசிய வெள்ளைப் பேஸ்ட் மட்டும் தடவியிருந்தது. பேஸ்ட் சூட்டைக் கடத்தும், ஸ்க்ரூவை இறுக்கினால் நடுவில் நின்று மின்சாரத்தைத் தடுக்காது.

மைக்கா வைத்து, ஹீட் சிங்குக்கும் ஐசி தகட்டுக்கும் தொடர்பு இல்லை என்று மீட்டரில் உறுதி செய்துகொண்டு, மெயின்ஸுக்குத் தொடரில் ஒரு 60 வாட் குண்டு பல்பைப் போட்டு ஆன் செய்தேன். இழை பல்புதான் வேண்டும், எல்இடி உதவாது. பளிச்சென்று எரிந்து உடனே மங்கினால் நல்லது. நின்று எரிந்தால் ஷார்ட் இன்னும் இருக்கிறது, ஆனால் பல்பு கரண்டைப் பிடித்துக்கொள்வதால் எதுவும் புகையாது. மங்கியது. ஸ்பீக்கர் முனையில் டிசி பார்த்தேன், சில மில்லிவோல்ட். அங்கே வோல்ட் கணக்கில் டிசி இருந்தால் ஸ்பீக்கரை மாட்டவே கூடாது, வாய்ஸ் காயில் (ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச் சுருள்) எரிந்துவிடும்.

ஸ்பீக்கரை மாட்டினால் பழைய இரைச்சல் அப்படியே வந்தது. அதாவது முதல் நாளில் இருந்து யாரும் அந்தக் கோளாறைத் தொடவே இல்லை. பவர் சப்ளையில் இரண்டு 4700 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்கள். மீட்டரை ஏசியில் வைத்துப் பார்த்தால் ஒன்றின் குறுக்கே மில்லிவோல்ட் கணக்கு, மற்றதில் ஒரு வோல்ட்டுக்கு மேல். அதன் தலை உப்பவில்லை, தட்டையாகவே இருந்தது. சும்மா கண்ணால் பார்த்திருந்தால் விட்டிருப்போம். அசைத்துப் பிடுங்கியபோதுதான் அடியில் பழுப்பாகக் கறை தெரிந்தது. பக்கத்தில் ஒட்டியிருந்த மஞ்சள் பசையும் காப்பி நிறமாகிக் கெட்டிப்பட்டிருந்தது. இந்தப் பசை வயதானால் மின்சாரத்தைக் கசியவிடும், கால்களையும் அரிக்கும், அதனால் சுரண்டி எடுத்தேன். இரண்டு கெப்பாசிட்டரையும் மாற்றினேன், பழையது 25 வோல்ட், 85 டிகிரி; புதியது 35 வோல்ட், 105 டிகிரி. வோல்டேஜ் எண் கூடலாம், குறையக் கூடாது. கெப்பாசிட்டர் மேல் இருக்கும் மைனஸ் கோடு பக்கம் மாறினால் வெடிக்கும். ஆன் செய்தால் நிசப்தம். மாமா சுவிட்ச் போடவில்லையா என்று கேட்டார்.

ஈஎஸ்ஆர் மீட்டர் (கெப்பாசிட்டரின் உள் தடையை அளப்பது) இல்லாமல் கெப்பாசிட்டரைக் குறை சொல்லலாமா என்று கேட்பவர்களுக்கு: இருந்தால் பயன்படுத்துங்கள், நல்லதுதான். வீட்டில் இருப்பவரிடம் மல்டிமீட்டர்தான் இருக்கும். அப்புறம், மெக்கானிக்குகள் எல்லோரையும் நான் திட்டவில்லை. ஈயம் வைப்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே ஒரு மெக்கானிக்தான். மைக்கா இல்லாமல் ஐசி மாட்டியதை அவர் பார்த்திருந்தால் கையில் தட்டியிருப்பார். “சாதாரண ஆட்களைப் பெட்டியைத் திறக்கச் சொல்கிறாயே” என்பது நியாயமான கேள்வி. பிளக்கைப் பிடுங்கி, பெரிய கெப்பாசிட்டர்களை ஒரு 100 ஓம் 5 வாட் ரெசிஸ்டர் வைத்துச் சார்ஜை இறக்கிவிட்டு, பிறகு கை வைக்கத் தெரிந்தவர்கள் மட்டும் திறக்கலாம். உள்ளே கனமான டிரான்ஸ்ஃபார்மருக்குப் பதில் எஸ்எம்பிஎஸ் (எடை குறைந்த ஸ்விட்சிங் வகை பவர் சப்ளை) இருந்தால் மூடிவிடுங்கள். 230 வோல்ட் மெயின்ஸ் என்றால் அதன் முதல் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் டிசி நிற்கும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மாமாவின் பெட்டி முகப்பில் நான்கு இலக்கத்தில் பிஎம்பிஓ வாட் (விளம்பரத்துக்காகப் போடும் உச்ச வாட் கணக்கு) என்று தங்க எழுத்தில் போட்டிருந்தது. பின்னால் லேபிளில், மெயின்ஸில் இருந்து இழுக்கும் மொத்த மின்சாரமே 45 வாட். 45 வாட் உள்ளே போய் ஆயிரக்கணக்கில் வெளியே வருமாம்! பிஎம்பிஓவை அளக்கப் பொதுவான முறை என்று ஒன்றுமே கிடையாது, தயாரிப்பவர் மனதில் தோன்றிய எண். அதை நம்பி வால்யூமை முழுக்க வைத்து, ஆம்ப் தாங்காமல் அலையின் தலையை வெட்டி (கிளிப் ஆகி), வாய்ஸ் காயில் கருகி, கடைசியில் “ஸ்பீக்கர் மட்டம்” என்று திட்டு. ஆர்எம்எஸ் எண் (தொடர்ந்து தரக்கூடிய வாட்) போடாத பெட்டியை வாங்கவே வாங்காதீர்கள்.

உங்களுக்கு இரைச்சலோடு வேறு தொல்லையும் இருந்தால், சுருக்கமாக. வால்யூம் திருகும்போது கரகர என்றால் அழுக்கு, கான்டாக்ட் கிளீனர் அடித்துப் பலமுறை திருகினால் போகும். குறைந்த வால்யூமில் சத்தம் வராமல், ஏற்றினதும் திடீரென்று முழுசாக வந்தால் ரிலேயின் (ஸ்பீக்கரை இணைக்கும் தானியங்கி சுவிட்ச்) முனைகள் கறுத்திருக்கும். பெட்டியைத் தட்டினால் வந்து வந்து போனால் சாக்கெட்டின் அடியிலோ கனமான பாகங்களின் காலடியிலோ ஈயத்தைச் சுற்றி மெல்லிய வளையமாக விரிசல் தெரியும், புது ஈயம் வைத்தால் போதும். பேஸ் மட்டும் பொரபொர என்றால் ஸ்பீக்கரின் கூம்பை (கோன்) இரண்டு கையாலும் சமமாக மெல்ல உள்ளே தள்ளிப் பாருங்கள். உரசினால் காயில் போச்சு, உரசாவிட்டால் விளிம்பு ஃபோம் கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள், ஃபோம் மட்டும் மாற்றலாம். 4 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 3.2 முதல் 3.6 வரை காட்டினால் நல்லதே, குறைகிறதே என்று பதற வேண்டாம்.

இதெல்லாம் பார்த்தும் பிடிபடவில்லை என்றால், இன்புட்டைக் கழற்றினால் என்ன ஆகிறது, வால்யூமுக்கு மாறுகிறதா, ஐசி மேல் என்ன எண் இருக்கிறது என்ற மூன்றையும் கமெண்டில் போடுங்கள். போர்டின் இரண்டு பக்கமும் வெளிச்சத்தில் எடுத்த படமும் வேண்டும், மங்கலான படம் போட்டால் என்னால் ஒன்றும் சொல்ல முடியாது.