கோல் போடாத இடத்துல நின்னு என்ன ப்ரோ?

கேள்வி: கனடால, மிசிசாகால இருக்கோம். பையனுக்கு 16 வயசு. சின்னதுலேருந்தே ஐஸ் ஹாக்கிதான். ஃபார்வர்டா ஆடிக்கிட்டிருந்தவன கோச் டிஃபென்ஸுக்கு மாத்திட்டாரு. ஓ.எச்.எல்.னு இங்க ஒரு பெரிய ஜூனியர் லீக், அதோட டீமுங்க பசங்கள தேர்ந்தெடுக்கற டிராஃப்ட்ல இந்த தடவை அவன் பேர் வரல. இருந்தும் ப்ரோ ஆவேன், அதாவது சம்பளத்துக்கு ஆடற ஆட்டக்காரன் ஆவேன்ங்கறான். கோலே போடாத இடத்துல நின்னு என்ன ப்ரோ, படிக்கச் சொல்லுன்னு அவங்கப்பா கத்தறாரு. நான் யார் பக்கம் பேசறது?

பதில்: முதல்ல ஒண்ணு சொல்லிடறேங்க, டிஃபென்ஸுக்கு மாத்தினது தண்டனை இல்ல. என்.எச்.எல்., அதான் இங்க இருக்கற பெரிய ப்ரோ லீக், அதோட மேட்ச்சுல ஒரு டீமுக்கு 12 ஃபார்வர்டு, ஆனா டிஃபென்ஸ்மேன் வெறும் 6 பேருதான், ரெண்டு ரெண்டு பேரா மாறி மாறி அந்த 60 நிமிஷத்தையும் அவங்கதான் தாங்கணும், அதனாலதான் டாப் டிஃபென்ஸ்மேன் 25 நிமிஷம்கூட ஆடுவான். எதிராளி முழு வேகத்துல வர்றப்ப இவன் ரிவர்ஸ்ல ஸ்கேட் பண்ணிக்கிட்டே அவன ஓரத்துக்குத் தள்ளணும், பக், அதான் பந்துக்குப் பதிலா இருக்கற வட்டு, தன்கிட்ட வந்ததும் மேல வந்து விழறவன சமாளிச்சு முதல் பாஸ் சரியா கொடுக்கணும். உங்க வீட்டுக்காரர் கிரிக்கெட் பாக்கறவரா இருந்தா திராவிட்னு சொல்லுங்க, புரிஞ்சிடும்.

இந்த வேலை லேட்டாத்தான் பழுக்கும். மார்க் ஜியோர்டானோ உங்க பக்கத்து டொராண்டோக்காரர்தான், என்.எச்.எல். டிராஃப்ட்ல அவர யாருமே எடுக்கல, கால்கரி டீம்ல சேந்தும் இடம் நிலைக்காம 2007-08 சீசன்ல மாஸ்கோ போய் ஆடிட்டு வந்தாரு, அப்புறம் அதே கால்கரிக்கு கேப்டன், 2019ல பெஸ்ட் டிஃபென்ஸ்மேனுக்கான நாரிஸ் டிராபி, அப்போ வயசு 35! ஸ்வீடன்காரர் நிக்லஸ் லிட்ஸ்ட்ரோம் 1989 டிராஃப்ட்ல 53வது ஆளு, ஏழு நாரிஸ் வாங்கினாரு, அதுல முதலாவது கிடைச்சதே 31 வயசுல. அதனால 16 வயசுல பேர் வரலன்னு பையன ஒதுக்கிடாதீங்க.

ஆனா இவங்களோட கதைய மட்டும் நம்பி இறங்கவும் கூடாது. அந்த இடத்துக்குப் போறவங்க கொஞ்சம் பேருதான். 2025-26ல என்.எச்.எல். குறைஞ்சபட்ச சம்பளமே 7,75,000 அமெரிக்க டாலர், கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா ப்ரோன்னு பேர் வாங்கற நிறைய பேரு அதுக்குக் கீழ ஏ.எச்.எல்., ஈ.சி.எச்.எல்.லுல அதுல ஒரு சின்னப் பங்கு சம்பளத்துக்குதான் ஆடறாங்க, இல்லன்னா ஜெர்மனி, ஸ்வீடன்னு ஐரோப்பா போயிடறாங்க. உடம்பு வேற இருக்கு. பாபி ஓர்னு ஒருத்தர், அவர மாதிரி இன்னொரு டிஃபென்ஸ்மேன் வரலன்னே சொல்லுவாங்க, முட்டி போயி 30 வயசுல ஆட்டத்த விட்டாரு.

அதனால அப்பா சொல்றதுலயும் பாதி சரி. தப்பு எங்கன்னா, படிப்பா ஹாக்கியான்னு கேக்கறாரு பாருங்க, அங்கதான். ஓ.எச்.எல். இல்லன்னா ஜூனியர் ஏ லீக் இருக்கு, அதுல நல்லா ஆடினா அமெரிக்க காலேஜ் ஹாக்கி, அதாவது என்.சி.ஏ.ஏ., ஸ்காலர்ஷிப்புக்கே வாய்ப்பு இருக்கு. முன்னாடி ஓ.எச்.எல்.ல ஆடினவங்க அங்க ஆட முடியாது, 2025 ஆகஸ்ட்லேருந்து அவங்களும் வரலாம்னு ஆயிடுச்சு, அதனால அந்த சீட்டுக்கு இப்ப அடிதடி, லேசுன்னு நினைச்சிடாதீங்க.

தலையில அடிபட்டா மட்டும் நோ காம்ப்ரமைஸ். உங்க ஒன்டாரியோ மாகாணத்துல ரோவன் சட்டம்னு இருக்கு, கன்கஷன், அதாவது மூளை அதிர்ச்சின்னு சந்தேகம் வந்தாலே ஆட்டத்துலேருந்து வெளிய எடுத்துடணும், டாக்டர் சரின்னு சொன்னப்புறம்தான் முழுசா திரும்ப இறங்கலாம். ‘ஒண்ணுமில்லம்மா’ன்னு பையன் சொல்றத கேக்காதீங்க, ப்ளேஆஃப் நேரத்துல எல்லா பசங்களும் அதத்தான் சொல்லுவாங்க.

அப்பாவுக்கும் ஒரு வேலை கொடுங்க. என்.சி.ஏ.ஏ. முதல் டிவிஷன்ல சேர ஹைஸ்கூல்ல 16 கோர் பாடம் முடிச்சிருக்கணும், இங்கிலீஷ், மேத்ஸ், சயின்ஸ் எல்லாம் அதுல வரும், 12வதுல போய் முழிச்சா நேரம் இருக்காது. அடுத்த வருஷத்துக்கு பாடம் செலக்ட் பண்றதுக்கு முன்னாடி அவர ஸ்கூல் கவுன்சிலர்கிட்ட அனுப்புங்க, பையனையும் கூட்டிக்கிட்டு.