போட்டோவைப் பார்த்து வரைய வருகிறது, சொந்தமாக வரவில்லையே?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு பென்சில் படம் வரையத் தொடங்கினேன். போனில் கிடைக்கும் படங்களைப் பார்த்து முருகன், எம்.ஜி.ஆர்., பேரப்பிள்ளைகள் என்று வரைவேன். "அச்சு அசல் போட்டோ மாதிரியே இருக்கு" என்கிறார்கள். சொந்தமாக ஏதாவது போடலாம் என்று வெள்ளைத்தாளை எடுத்தால் ஒன்றுமே தோன்றுவதில்லை. எதை வரைவது, எந்தப் பாணியில் போவது? வகுப்பில் சேரவேண்டுமா?

பதில்: அக்கா, உங்களுக்குக் கை நன்றாகவே வந்திருக்கிறது. நிழலையும் வெளிச்சத்தையும் பென்சிலில் அப்படியே கொண்டுவருவது லேசுப்பட்ட காரியமில்லை. ஆனால் எங்கே நின்று பார்ப்பது, எதை உள்ளே விடுவது, எதை வெட்டுவது, வெளிச்சம் எந்தப் பக்கம் என்று எல்லா முடிவையும் அந்தப் போட்டோவை எடுத்தவர் உங்களுக்கு முன்பே எடுத்துவிட்டார், உங்களுக்கு மிச்சம் இருப்பது கைவேலைதான். வருஷக்கணக்காக இப்படியே போனால் கை தேறும், முடிவெடுக்கிற பழக்கம் மட்டும் வராது. வெள்ளைத்தாள் முன்னால் திணறுவது அதனால்தான். கற்பனை வறண்டுவிட்டது என்று நினைத்துக் கவலைப்படாதீர்கள்.

சின்ன முடிவுகளில் தொடங்குவோம். சனிக்கிழமை உங்கள் சாட்ஸ்வொர்த் பங்களாதேஷ் மார்க்கெட் பக்கம் போனால் நாலைந்து மடும்பி வாங்கி வாருங்கள், சேப்பங்கிழங்குதான். கழுவ வேண்டாம். மேசையில் வைத்து, கூரை விளக்கை அணைத்துவிட்டு, ஒரே ஒரு ஜன்னல் வெளிச்சம் மட்டும் படும்படி உட்காருங்கள். கிழங்கைச் சுற்றி வளையம் வளையமாகக் கோடு ஓடும், அந்த வளையங்களிலிருந்து நார் நாராக முடி கிளம்பும், இடுக்குகளில் காய்ந்த மண் ஒட்டியிருக்கும். இதை முதலில் நிழலே போடாமல் கோட்டால் மட்டும் வரையுங்கள். அடுத்த தாளில் கோடே கூடாது, இருட்டுப் பகுதிகளை மட்டும் தீற்றுங்கள். அப்புறம் தாளின் நாலு ஓரத்தையும் தாண்டிப் போகிற அளவுக்குப் பெரிதாக, அப்புறம் கிழங்கை விட்டுவிட்டு இரண்டு கிழங்குக்கு நடுவில் இருக்கிற இடைவெளியின் வடிவத்தை மட்டும், கடைசியில் கிழங்கையே உள்ளே எடுத்து வைத்துவிட்டு ஞாபகத்திலிருந்து. ஒவ்வொரு தடவையும் ஒரு முடிவு நீங்கள் எடுத்ததாக இருக்கும். ஞாபகத்திலிருந்து போட்டதுதான் கோணல்மாணலாக வரும், அதைத்தான் நான் முதலில் பார்க்கக் கேட்பேன், ஏனென்றால் உங்கள் கண் எதைப் பிடித்து வைத்துக்கொண்டது என்பது அதில் தெரியும்.

இதற்குப் பென்சில் வேண்டாம். கூர்மையான பென்சில் கையில் இருந்தால் ஒரு மூலையில் உட்கார்ந்து முடி முடியாக வரைந்துகொண்டே இருக்கத் தோன்றும், முழுப்படம் கண்ணில் படாது. ஓவியப் பொருள் கடையில் வில்லோ கரித்துண்டு கேளுங்கள், விரலால் தேய்த்தாலே அழியும், தைரியம் தானாக வரும். ஜோகன்னஸ்பர்க் ஓவியர் வில்லியம் கென்ட்ரிட்ஜ் 1989-லிருந்து எடுத்துவரும் அசையும் ஓவியப் படங்களில், ஒரே தாளில் கரியால் வரைந்து, அழித்து, மாற்றி வரைந்து, ஒவ்வொரு மாற்றத்தையும் கேமராவில் பிடிக்கிறார். அழித்த தடம் தாளில் சாம்பலாகத் தங்கிவிடுகிறது, அதை அவர் மறைப்பதில்லை. நீங்களும் சுத்தமாக அழிக்க மெனக்கெடாதீர்கள். பிரிண்டருக்குப் போடும் வழவழப்புத் தாளில் கரி பிடிக்காது, கொஞ்சம் சொரசொரப்பான தாள் வேண்டும். நம் ஊர் ஈரக் காற்றில் தாள் சீக்கிரம் நெளியும், அதனால் படங்களுக்கு இடையே வேறு தாள் வைத்துத் தட்டையாக அடுக்குங்கள். கரி உதிராமல் இருக்க ஃபிக்ஸட்டிவ் ஸ்ப்ரே உண்டு, வெளியே வராண்டாவில் வைத்து அடியுங்கள். ஹேர்ஸ்ப்ரே போதும் என்று யாராவது சொல்வார்கள், நாளாக நாளாகத் தாள் மஞ்சளிக்கும்.

பார்த்து வரைவதே தப்பு என்று சொல்லவில்லை. போட்டோவுக்குப் பதில் இன்னொருவர் வரைந்த கோட்டைப் பார்த்து வரையுங்கள். 1969-ல், காந்தி நூற்றாண்டை ஒட்டி, ஓவியர் ஆதிமூலம் காந்தியைக் கறுப்பு வெள்ளைக் கோட்டோவியங்களாக வரைந்து தள்ளினார். அந்த முகத்தை நாமெல்லாம் எத்தனையோ போட்டோவில் பார்த்திருக்கிறோம், ஆகவே அவர் எதையெல்லாம் விட்டார் என்பது உடனே பிடிபடும். ஒன்றை எடுத்துப் பார்த்து வரைந்தால், எந்தக் கோடு எங்கே நின்றது, ஏன் அங்கே நின்றது என்று கேட்டுக்கொண்டே போவீர்கள்.

பாணியைப் பற்றி இப்போதைக்கு யோசிக்கவே வேண்டாம். தென்னாப்பிரிக்க ஓவியர் எஸ்தர் மஷ்லாங்குவின் வடிவங்கள், என்டெபெலே இனத்தார் வீட்டுச் சுவரில் போடுபவை, அழகாக இருக்கின்றன, கோலத்தோடு கலந்துவிடலாமா என்று என்னிடம் கேட்கிறவர்கள் உண்டு. அவர் பத்து வயதில் அம்மாவிடமும் பாட்டியிடமும் கற்றுக்கொண்டு, ஸ்கேல் வைக்காமல், கோழியிறகால் வீட்டுச் சுவரில் போட்டுப் பழகியது அது. 1991-ல் பிஎம்டபிள்யூ காரில் போட்டதும் அதே கைதான். மேலாக எடுத்து ஒட்டினால் மேசைவிரிப்பு டிசைன்தான் மிஞ்சும்.

"நம் சரித்திரத்தை வரையுங்கள்" என்றும் சொல்வார்கள். 1860 நவம்பர் 16-ல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக நம்மவர்களை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்தது, அதைத் தொட்டு வருஷாவருஷம் கப்பலும் கரும்பு வெட்டுகிறவர்களுமாக ஓவியங்கள் வருகின்றன, பாதிக்கு மேல் அதே பழைய போட்டோக்களைப் பார்த்துப் போட்டவை போலத்தான் எனக்குத் தெரிகின்றன. உங்கள் தாத்தா கரும்புத் தோட்டத்தில் இருந்தார், அவர் பானையோ கத்தியோ வீட்டில் இருக்கிறது என்றால் அதை எடுத்து ஜன்னலோரம் வைத்து வரையுங்கள். கப்பலுக்கு இப்போது அவசரமில்லை.

ஒரு மாதம் போனதும் எல்லாத் தாளையும் தரையில் பரப்புங்கள். எது நன்றாக இருக்கிறது என்று பார்க்காதீர்கள், எதை இன்னொரு தடவை வரையக் கை துறுதுறுக்கிறது என்று பாருங்கள். அது கிழங்காக இருக்கலாம், இடைவெளியாக இருக்கலாம், ஜன்னல் நிழலாகவும் இருக்கலாம். அடுத்த மாதம் அது மட்டும். அதுவரை குடும்ப வாட்ஸ்அப்பில் போட வேண்டாம். "போட்டோ மாதிரி இல்லையே" என்று ஒருவர் சொன்னால் போதும், மறுபடி எம்.ஜி.ஆருக்குப் போய்விடுவீர்கள்.

சரி, வகுப்பு. சேரலாம், ஆனால் பணம் கட்டும் முன் ஒரு நாள் போய் உட்கார்ந்து பாருங்கள். நடுவில் பொருளையோ ஆளையோ வைத்துச் சுற்றி உட்கார்ந்து வரைகிறார்கள் என்றால் சேருங்கள். ஆளுக்கொரு போட்டோ பிரிண்ட் கொடுத்து வரையச் சொன்னால் அந்தப் பணத்துக்குக் கரியும் தாளும் வாங்கிக்கொள்ளுங்கள்.