முதல் முறை கடைமடைக்கு

அன்புள்ள ஐயா,
மன்னார்குடிப் பக்கம் எங்கள் கிளை வாய்க்காலில் 14 பேருக்கு 40 ஏக்கர். தூர்வாரக் கூப்பிட்டால் பாதிப் பேர் வருவதில்லை. ராத்திரியில் மடையை வெட்டிவிடுகிறார்கள். ஒற்றுமைக்காகக் கூட்டம் போட்டால் அதுவும் சண்டையில் முடிகிறது. ஒருவரையொருவர் நம்ப வைப்பது எப்படி?
– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,
அந்தக் கூட்டத்தை இந்த ஆண்டு விட்டுவிடுங்கள். தன் முறை குறையாமல் வரும் என்று தெரிந்தவர் ராத்திரியில் மண்வெட்டி எடுக்கமாட்டார். முதலில் கணக்கைப் போடுங்கள்.

14 பேரும் ஒரு முறை பாய்ச்சி முடிக்கும் ஒரு சுற்றுக்கு 180 மணி நேரம் வையுங்கள். ஏக்கருக்கு 4 மணி என்றால் 160. காய்ந்த வாய்க்கால் கடைசிவரை நிரம்ப 8 மணி என்று கொள்வோம்; உங்கள் வாய்க்காலுக்கு எவ்வளவு என்று நேரில் அளந்துகொள்ளுங்கள். இந்த 8 மணி யார் கணக்கிலும் சேரக்கூடாது. மதகு திறந்த நிமிடத்திலிருந்து மணி எண்ணினால், வாய்க்காலின் கடைசியில் நிலம் உள்ள கடைமடைக்காரர் நேரத்தை வாய்க்காலே குடித்துவிடும். சண்டைக்கு வேர் பெரும்பாலும் இதுதான். ஆகவே முதல் முறை கடைமடைக்கு. தண்ணீர் அவர் மடையைத் தொட்ட பிறகு மணி ஓடட்டும். அங்கிருந்து மேலேறி வந்தால் மறுபடி நிரப்ப வேண்டியதில்லை.

நிரம்பும் அந்த நேரத்தில் தலைமடைக்காரர் ஒருவரும் கடைமடைக்காரர் ஒருவரும் தண்ணீர் முனையோடு சேர்ந்து நடக்கட்டும். சருகைத் தள்ளிக்கொண்டு வரும் முனை திடீரென்று தளர்ந்தால் அங்கே கரையைத் தடவிப் பார்க்கட்டும். திருட்டு என்று நினைத்தது பல இடங்களில் நண்டு வளையாக இருக்கும். இருவரும் சேர்ந்து கண்டுபிடித்து அடைத்த வளை, பத்துக் கூட்டம் செய்யாததைச் செய்யும்.

மீதி 12 மணி பொது. கரை உடைந்து முறை இழந்தவருக்கு அதிலிருந்து ஈடு. இன்னொரு பயன்: 168 மணி என்பது சரியாக ஏழு நாள், அந்தச் சுற்றில் ஒருவருக்கு எப்போதும் நள்ளிரவே வாய்க்கும். 180 என்பது ஏழரை நாள், அதனால் இந்தச் சுற்றில் இரவு பாய்ச்சியவருக்கு அடுத்தது பகல். ஆற்றிலேயே முறை வைத்து 6 நாள்தான் விடுகிறார்களா? 144 மணி: வாய்க்கால் நிரம்ப 8, பொது 16, ஏக்கருக்கு 3.

தூர்வார வராதவரைச் சோம்பேறி என்று திட்டாதீர்கள். தன் மடைக்குக் கீழே தூர்ந்தால் தலைமடைக்காரருக்கு நஷ்டமில்லை, அதனால் வருவதில்லை. ஊரார் கூடி வாய்க்காலைப் பராமரிக்கும் குடிமராமத்துக்கு வராதவரிடம் பணம் வசூலிக்க 1858-இல் வெள்ளைக்காரன் சட்டமே போட்டான். சட்டத்தை நம்பி இருக்க வேண்டாம், வேலையைப் பிரிக்கும் விதத்தை மாற்றுங்கள். வாய்க்கால் 800 மீட்டர் என்றால் ஏக்கருக்கு 20; அதில் பாதி தலைப்பக்கம், பாதி கடைப்பக்கம். இடத்தைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்து முளைக்குச்சி அடியுங்கள். வர முடியாதவர் ஆள் கூலி கொடுத்தால் போதும்.

முறை மீறியவருக்கு அபராதம் வேண்டாம். காசுள்ளவர் கட்டிவிட்டு மறுபடி வெட்டுவார். எடுத்த மணியை அடுத்த சுற்றில் கழித்து, இழந்தவருக்குச் சேருங்கள்.

இதையெல்லாம் வைகாசிக்குள் பேசி முடியுங்கள். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டால், அப்புறம் தலைமடைக்காரர் இறங்கிவந்து பேசக் காரணமே இருக்காது.