பண்ணை வீட்டைப் பட்டாவில் தேடாதீர்கள்

கேள்வி: வாடிப்பட்டிப் பக்கம் எங்கள் பாட்டியின் அப்பா கட்டிய பண்ணை வீடு ஒன்று இருந்ததாம். இப்போது அந்த இடம் முழுக்க பிளாட். போட்டோ கூட யாரிடமும் இல்லை. பட்டா, சிட்டா எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டேன், வீடு என்று ஒரு வரி இல்லை. யார், எப்போது கட்டினார்கள், எப்படிக் கைவிட்டுப் போனது என்று தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா?
- வாடிப்பட்டி வாசகர்

பதில்: இருக்கிறது, ஆனால் பட்டாவில் இல்லை. வருவாய்த்துறைக் கணக்கு நிலத்துக்கும் தீர்வைக்கும் எழுதியது, வயலுக்கு நடுவே எவ்வளவு பெரிய வீடு கட்டியிருந்தாலும் அதில் அது பெரும்பாலும் புஞ்சை என்றே கிடக்கும். வீடு இருப்பது பத்திரத்தில், அதுவும் சொத்து விவரம் என்று கடைசியில் வரும் பகுதியில். கிணற்றில் 4-ல் 1 பாத்தியம், மாட்டுக் கொட்டம், களம், வண்டிப்பாதை என்று அந்தக் காலத்துப் பத்திர எழுத்தர்கள் ஒன்று விடாமல் எழுதியிருப்பார்கள்.

முதலில் சர்வே எண். 1979-ல் தொடங்கி 1987 வரை நடந்த யு.டி.ஆரில் (நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த அரசுத் திட்டம்) பல இடங்களில் எண்ணும் உட்பிரிவும் மாறிவிட்டன, அதனால் இன்றைய எண்ணை வைத்துக்கொண்டு பழைய பத்திரம் தேடினால் ஒன்றும் சிக்காது. தாலுகா ஆபீஸில் பழைய எண், புதிய எண் ஒப்பீட்டைக் கேளுங்கள். அப்புறம் வில்லங்கச் சான்று, அதாவது ஒரு சொத்தின் மீது பதிவான பத்திரங்களின் பட்டியல். பெரும்பாலான சார்பதிவாளர் அலுவலகங்களுக்கு 1975-க்குப் பிறகுள்ளது ஆன்லைனில் வரும், அதற்கு முந்தையதுக்கு மனு போட்டு, பணம் கட்டி, பழைய புத்தகங்களைப் புரட்டத்தான் வேண்டும்.

இங்கேதான் பலரும் நின்றுவிடுகிறார்கள். உங்கள் நிலத்தின் பத்திரம் மட்டும் போதாது, பக்கத்து நிலக்காரர்களின் பத்திர நகலையும் எடுங்கள். நான்கெல்லை சொல்லும் இடத்தில் “இன்னாரின் பண்ணை வீட்டுக்குத் தெற்கு” என்று ஒரு பத்திரத்தில் இருக்கும், சில வருஷம் கழித்து எழுதிய இன்னொன்றில் அதே இடம் “காலி மனைக்குத் தெற்கு” என்று மாறியிருக்கும். இரண்டுக்கும் நடுவில் வீடு போயிருக்கிறது. பழைய பத்திரத்தைப் பார்த்து அப்படியே எல்லையை எழுதிவிடும் வழக்கமும் உண்டு என்பதால் ஒரே பத்திரத்தை நம்ப வேண்டாம், மூன்று நான்கையாவது ஒப்பிடுங்கள்.

எப்படிப் போனது என்பதற்கு பாகப்பிரிவினைப் பத்திரங்களைப் பாருங்கள், முக்கியமாக 1960-களிலும் 1970-ஐ ஒட்டியும். 1961-ன் நில உச்சவரம்புச் சட்டம் 5 பேர் குடும்பத்துக்கு அதிகபட்சம் 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் (மண்ணின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்) என்றது, 1970-ல் அது 15 ஆனது. அந்த வரம்புக்குள் நிற்க நிலத்தைப் பங்கு போட்டவர்கள் உண்டு. நிலம் பங்கானால் வீடும் “கிழக்குப் பாதி, மேற்குப் பாதி” என்று பங்காகும், அதன் பிறகு ஓடு மாற்ற யார் செலவு செய்வது? அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை நின்ற வீடுகளில் உத்திரம்தான் முதலில் இறங்கும்.

கட்டிய காலத்துக்கு ஒரு துப்பு தண்ணீர். முல்லைப் பெரியாறு அணை 1895-ல் திறந்தது, வைகையின் பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை இருபோகம் ஆனது. உங்கள் நிலம் பெரியாறு பாசனத்தில் வந்து, பத்திரத்தில் பெரிய களமும் நெல் அறையும் சொல்லியிருந்தால், அந்தத் தண்ணீருக்குப் பிறகு வந்த விளைச்சலுக்காகக் கட்டியதாக இருக்க வாய்ப்பு அதிகம். முடிவு கட்டிவிடாதீர்கள், பத்திரத்தின் தேதியோடு சேர்த்துப் பாருங்கள்.

அப்புறம் மனிதர்கள். சொந்தக்காரர்களைக் கேட்டால் யானை கட்டிப் போரடித்த கதைதான் வரும். அந்தப் பண்ணையில் மாடு பூட்டிக் கமலையில் தண்ணீர் இறைத்தவர், நெல் அவித்தவர் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். வைக்கோல் படப்பு எங்கே போட்டார்கள், எந்த வாசலோடு யாரை நிறுத்தினார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். கேட்பதற்குக் கொஞ்சம் சங்கடமாகவும் இருக்கலாம், பரவாயில்லை, அதுவும் அந்த வீட்டின் வரலாறுதான்.

கேள்வி: எங்கள் பழைய களத்து வீட்டு இடத்தில் மங்களூர் ஓடு கிடைத்தது, கம்பெனி முத்திரை இருக்கிறது. வீட்டின் வயதைச் சொல்லிவிடலாமா?
- சோழவந்தான் வாசகர்

பதில்: கூரையின் வயதைத் தோராயமாகச் சொல்லலாம், வீட்டின் வயதை முடியாது. மங்களூரில் பாசல் மிஷன் 1865-ல் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது, பின்னால் வேறு பல கம்பெனிகளும் வந்தன. நாட்டு ஓடு வேய்ந்திருந்த வீட்டைப் பிரித்து மங்களூர் ஓடு போட்டவர்கள் ஏராளம். இடிந்த வேறு வீட்டு ஓட்டை விலைக்கு வாங்கி வந்து போட்டவர்களும் உண்டு. சுவர் அடியில் கிடக்கும் செங்கல்லையும் சுண்ணாம்புக் காரையையும் ஒரு வயதான கொத்தனாரிடம் காட்டிப் பாருங்கள்.