“வசதியில்லை, வேறு பாடசாலை பாருங்கள்”

கேள்வி: அக்கா, என் மகளுக்குப் பெருமூளை வாதம். வோக்கர் பிடித்து நடப்பாள், பேச்சிலும் புத்தியிலும் குறையில்லை. பக்கத்துப் பாடசாலையில் தரம் 1க்குக் கேட்டால், “எங்களிடம் வசதியில்லை, விசேட பாடசாலைக்குக் கொண்டுபோங்கள்” என்கிறார் அதிபர். சண்டை பிடித்துச் சேர்த்தால் பிறகு கோபத்தைப் பிள்ளையிடம்தானே காட்டுவார்கள்?
– ஒரு தாய், கொட்டாஞ்சேனை

பதில்: தங்கச்சி, அந்தப் பயம் நியாயம்தான். ஆனால் வாயால் சொன்ன பதிலோடு திரும்பி வராதீர்கள். விண்ணப்பத்தைக் கையில் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள், மறுத்தால் “காரணத்தை எழுதித் தாருங்கள் சேர்” என்று மரியாதையாகக் கேளுங்கள். எழுதித் தர யாரும் தயங்குவார்கள், ஏனென்றால் அங்கவீனமுள்ளவர்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் இலங்கையின் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், 23ஆம் பிரிவில், அங்கவீனத்தைக் காட்டிக் கல்வி நிறுவன அனுமதியில் பாகுபாடு செய்யக்கூடாது என்று நேராகவே சொல்கிறது, மீறினால் மாகாண மேல் நீதிமன்றம் வரை போகலாம். அதுவரை போகத் தேவை வராது என்றுதான் நினைக்கிறேன். முதலில் வலயக் கல்விப் பணிமனையில் விசேட கல்விக்குப் பொறுப்பானவரைப் பாருங்கள், அங்கும் இழுத்தடித்தால் மனித உரிமைகள் ஆணைக்குழு (அழைப்பு இலக்கமும் 1996தான், மறக்காது).

அப்புறம், எந்த வசதி இல்லை என்று கேட்டீர்களா? போய்ப் பாருங்கள். தரம் 1 வகுப்பு கீழ்மாடியில் இருந்தால் பாதிப் பிரச்சினை முடிந்தது. மற்றது மலசலகூடம்: கதவுக்குள் வோக்கர் நுழையுமா, குந்தும் வகையா, பிடிக்கக் கம்பி இருக்கிறதா? ஒரு கொமட்டும் சுவரில் ஒரு கம்பியும் மேசன் வேலைதான், பிக் மேட்ச் கிரிக்கெட்டுக்குக் கூடாரம் போடும் பழைய மாணவர் சங்கங்களுக்கு இது பெரிய காசா என்ன? பிசியோதெரபிஸ்டிடம் கடிதம் வாங்கும்போது நோயின் பெயர் மட்டும் போதாது, எவ்வளவு நேரம் உட்காருவாள், பென்சில் பிடிப்பாளா, எதற்கு உதவி வேண்டும் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். வகுப்பு ரீச்சருக்குத் தேவை அதுதான்.

கேள்வி: மகனின் வகுப்பில் காது சரியாகக் கேட்காத ஒரு பிள்ளை. ரீச்சரின் நேரமெல்லாம் அவருக்கே போகிறது, மற்றப் பிள்ளைகள் பின்தங்க மாட்டார்களா?
– ஒரு தந்தை, வெள்ளவத்தை

பதில்: தம்பி, உதட்டசைவைப் பார்க்கும் பிள்ளைக்காக ரீச்சர் கரும்பலகைக்குத் திரும்பி நின்று பேசாமல், முகம் காட்டி, வீட்டுவேலையை எழுதியும் போட்டால் பின்வரிசையில் கதைத்துக்கொண்டிருக்கும் உங்கள் மகனுக்கும்தான் விளங்கும். நேரம் உண்மையிலேயே போதவில்லையென்றால் உதவி ஆசிரியர் கேட்டு வலயத்துக்கு எழுதுங்கள், கடிதத்தில் அந்தப் பிள்ளையின் தாயின் கையெழுத்துக்குக் கீழே உங்களுடையதும் இருக்கட்டும்.